எழுபத்தாறு வயது அப்பாவுக்கு வாங்கிய ஃபிட்னஸ் பேண்ட்: நான்கு மாத அனுபவம்

“அப்பா, உங்களுக்கு ஒரு பேண்ட் வாங்கியிருக்கேன்” என்றதும், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, “எனக்கெதுக்கும்மா பேண்ட், ரிட்டயர் ஆன அன்னிக்கே வெள்ளை பேண்ட்டையெல்லாம் எடுத்துக் கொடுத்தாச்சு, நாலு வேட்டி இருக்கு, போதும்” என்றார். பெட்டியைப் பிரித்துக் கையில் கட்டிவிட்ட பிறகு கொஞ்ச நேரம் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மணி காட்டுமா?” காட்டும் என்றேன். “அப்ப சரி.”

நடையையும் தூக்கத்தையும் கணக்கிடுகிற பட்டை, ஆடித் தள்ளுபடியில் 2,799 ரூபாய்க்கு வாங்கியது. நான்கு மாதம் ஓடிவிட்டது, சொல்வதற்கு நிறைய இருக்கிறது. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. தங்கை வீட்டிலும் எதிர் ஃபிளாட்டிலும் வேறு வேறு பிராண்ட் இருக்கிறது, மூன்றையும் அப்பா கையில் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்துவிட்டேன், நான் சொல்லப்போகிற குறைகள் மூன்றிலுமே இருந்தன. அதனால் பெயர் முக்கியமில்லை. வீட்டில் வயதானவர்களுக்கு இப்படி ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன், ஜிம்முக்குப் போகிற பையன்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

வாங்கிய காரணத்தைச் சொல்ல வேண்டும். அம்மா போன பிறகு அப்பா விருத்தாசலத்து வீட்டைப் பூட்டிவிட்டுத் தாம்பரத்துக்கு எங்களோடு வந்துவிட்டார். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர், முப்பத்தைந்து வருஷம் ஷிப்ட் டூட்டி, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி என்று தூங்கிப் பழகிய உடம்பு. இங்கே வந்து ஒரு வருஷத்தில் மதியத் தூக்கம் இரண்டு மணியில் தொடங்கி ஐந்தைத் தாண்டியது, ராத்திரி ஹாலில் லைட் எரியும், நடமாட்டம் கேட்கும். கூடவே சின்னச் சின்ன மறதிகள். கரண்ட் பில்லை இரண்டு தடவை கட்டினார். தோசை மாவு வாங்கப் போய்த் தயிரோடு வந்தார். அதெல்லாம் எனக்கும் நடப்பதுதான், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தினசரிக் காலண்டரில் தாள் கிழிப்பது எங்கள் வீட்டில் அவருடைய வேலை, காபிக்கு முன்னால் அதுதான், என் பையனைக்கூடத் தொடவிட மாட்டார். ஒரு வியாழக்கிழமை பார்க்கிறேன், காலண்டரில் திங்கட்கிழமை தொங்குகிறது. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

முதியோர் மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனோம். முப்பது மதிப்பெண் தேர்வு ஒன்று வைத்தார்கள், மோகா என்று பெயர், தமிழிலும் இருக்கிறது. கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொல்வார்கள், ஐந்து வார்த்தை சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். கழித்தலில் அப்பா புலி. ஐந்து வார்த்தையில் இரண்டுதான் வந்தது. மொத்தம் 23. 26-ம் அதற்கு மேலும் எடுத்தால் பொதுவாகக் கவலையில்லை என்று கணக்கு. பி12 வைட்டமின், தைராய்டு எல்லாம் ரத்தத்தில் பார்த்தார், சரியாக இருந்தது. அப்புறம் டாக்டர் மருந்து எழுதுவார் என்று பார்த்தால், “பகல்ல எத்தனை மணிக்குத் தூங்கறார், ராத்திரி எத்தனை தடவை எழுந்துக்கறார், எப்ப நடக்கறார், ரெண்டு வாரம் எழுதிக் கொண்டுவாங்க” என்று அனுப்பிவிட்டார்.

எழுதுவதற்கு எனக்கு ஏது நேரம்? அதனால்தான் மெஷின் வாங்கினேன். அப்பா என்ன செய்தார் என்றால், பேண்ட் வந்த அதே நாள் மளிகைக் கடையில் 45 ரூபாய்க்கு ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்து நெட்டுக்கோடு போட்டு, ஸ்டேஷனில் எழுதுகிற ரெஜிஸ்டர் மாதிரியே தன் தூக்கத்துக்கு ஒரு ரெஜிஸ்டர் திறந்துவிட்டார். ஆக, எங்கள் வீட்டில் ஒரே மனிதருக்கு இரண்டு பதிவு. இந்த ரிவ்யூவுக்கு அதைவிட நல்ல வசதி கிடைக்காது.

டாக்டர் ஏன் அதைக் கேட்டார் என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். கையில் கட்டுகிற அசைவுமானியை வைத்து இந்த ஆராய்ச்சி பல வருஷமாக நடக்கிறது. அவர்கள் பார்ப்பது எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதை மட்டும் இல்லை. இன்றைக்கு இருந்த மாதிரியே நாளைக்கும் இருக்கிறாரா, பகலில் தொடர்ந்து இயங்குகிறாரா அல்லது அரை மணிக்கொரு தரம் விட்டு விட்டு உட்கார்ந்துவிடுகிறாரா, இருபத்து நாலு மணி நேரத்தில் அதிகம் அசைந்த பத்து மணி நேரத்துக்கும் குறைவாக அசைந்த ஐந்து மணி நேரத்துக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம், இதெல்லாம்தான். பகல் பகலாகவும் ராத்திரி ராத்திரியாகவும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி, சுருக்கமாக. அமெரிக்காவில் 1,282 வயதான பெண்களை, சராசரி வயது எண்பதுக்கு மேல், ஐந்து வருஷம் போலப் பின்தொடர்ந்து 2011-ல் ஒரு ஆய்வு வந்தது. ஆரம்பத்தில் எல்லோருக்கும் நினைவு சரியாகத்தான் இருந்தது. பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் மங்கியிருந்தவர்களுக்குப் பின்னால் டிமென்ஷியா என்கிற மறதி நோயோ அதற்கு முந்தைய நிலையோ வருவது அதிகமாக இருந்தது. சிகாகோவில் 1,401 பேரைப் பல வருஷம் பார்த்து 2022-ல் வந்த இன்னொன்று பகல் தூக்கத்தைப் பற்றியது: தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களுக்கு டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் வரும் அபாயம் 40 சதவீதம் அதிகம். அதே ஆய்வில், நோய் வந்த பிறகு பகல் தூக்கம் வேகமாகக் கூடுவதும் தெரிந்தது.

இதைப் படித்துவிட்டு அப்பாவைத் தட்டித் தட்டி எழுப்ப ஆரம்பித்துவிடாதீர்கள், நான் ஒரு வாரம் அதைத்தான் செய்தேன், வீட்டில் சண்டை. எது முதலில் என்று இன்னும் முடிவாகவில்லை. தூக்கம் குலைந்ததால் மூளை பாதிக்கிறதா, மூளைக்குள் மெதுவாக நடக்கிற ஏதோ ஒன்று உள்ளேயிருக்கிற கடிகாரத்தை முதலில் குலைக்கிறதா? இரண்டும் ஒன்றையொன்று இழுத்துவிடுவதாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர். கண்ணுக்குப் பின்னால் நரம்புகள் குறுக்காகச் சேருகிற இடத்துக்கு மேலே அரிசிமணி போல ஒரு சின்ன இடம், அதுதான் உடம்பின் மாஸ்டர் கடிகாரம். அது காலை வெளிச்சத்தை வைத்து தினமும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. வயதானால் அதன் ஓட்டம் பலவீனமாகும், கண்ணின் லென்ஸ் மஞ்சளாகி உள்ளே போகிற வெளிச்சமும் குறையும். எங்கள் வீடு வேறு, மூன்றாவது மாடி, எதிர்க் கட்டடம் சூரியனை ஒன்பது மணி வரை மறைத்துக்கொள்ளும். விருத்தாசலத்தில் அவர் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார்.

சரி, பேண்டுக்கு வருகிறேன்.

நடையைக் கணக்கிடுவதில் இது ஒரு பெரிய மனிதரைப் போல நடந்துகொள்ளும், ஆனால் உள்ளே ஒன்றும் தெரியாது. முதல் நாள் காலை அப்பா சமையலறை மேடையில் சாய்ந்து நின்று டபராவில் காபி ஆற்றிக்கொண்டிருந்தார். இரண்டு ஆற்று ஆற்றிவிட்டுக் கையைப் பார்க்கிறார், ஸ்டெப் ஏறுகிறது. மறுபடி உயரத் தூக்கி ஆற்றுகிறார், மறுபடி ஏறுகிறது. “ஏம்மா, காபி குடிக்கறதுக்குள்ள நான் கேட் வரைக்கும் போய்ட்டு வந்துட்டேனாமே.” சிரித்துச் சிரித்துக் காபி ஆறிப்போனது. இதற்கு நேர் எதிராக, அதே கையில் காய்கறிப் பையைப் பிடித்துக்கொண்டு வந்தால் கை வீசாது, பேண்டுக்கு நடையே தெரியாது. கூடப் போய் நானே எண்ணினேன், மார்க்கெட்டிலிருந்து வீடு வரைக்கும் 640 ஸ்டெப், பேண்டில் 210. வாக்கர் பிடித்து நடப்பவர்கள், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள், இவர்களுக்கெல்லாம் இந்த எண் சுத்தமாக உதவாது.

அப்புறம் அந்த 10,000 ஸ்டெப் டார்கெட். பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அப்படித்தான் வைத்து அனுப்புகிறார்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு மணிக்கட்டில் அதிர்ந்து “இன்னும் 7,300 பாக்கி” என்று கடன்காரன் மாதிரி கேட்கும். அந்த எண்ணின் பூர்வீகம் 1965-ல் ஜப்பானில் விற்ற ஒரு நடைமானியின் பெயர், பெயருக்கே “பத்தாயிரம் அடி மீட்டர்” என்றுதான் அர்த்தம். 2019-ல் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட வயதான பெண்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது, அது மரணத்தைப் பற்றியது, நினைவைப் பற்றியது இல்லை, ஆனாலும் சொல்கிறேன்: ஒரு நாளைக்கு 4,400 அடியிலேயே நல்ல வித்தியாசம் தெரிந்தது, 7,500-க்கு மேல் கூடுதல் பலன் இல்லை. நான் செட்டிங்கில் போய் 4,500 ஆக்கினேன். மூன்று மெனு தாண்டி ஒளித்து வைத்திருக்கிறார்கள். எழுத்தும் பொடி எழுத்து, கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர் ஒருபோதும் தானாகக் கண்டுபிடிக்க மாட்டார்.

தூக்கத்தில்தான் என் காசு வீண் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலை ஆப்பைத் திறந்தால் பச்சைப் பசேலென்று 82 மார்க், மிக நன்று, 11.02-க்குத் தூங்கி 5.48-க்கு எழுந்தார், நடுவில் ஆழ்ந்த தூக்கம் என்று ஊதாக் கலரில் ஒரு பாளம். எனக்கு ஒரே சந்தோஷம். அப்பாவின் ரெஜிஸ்டரைப் புரட்டினால்: “01.50 விழிப்பு. 03.10 வரை தூக்கம் வரவில்லை. பேரன் எழுந்துவிடுவான் என்று அசையாமல் படுத்திருந்தேன்.” அசையாமல் படுத்திருந்த அந்த நேரத்தில் பாதியைத்தான் பேண்ட் ஆழ்ந்த தூக்கம் என்று போட்டிருக்கிறது. இதில் மோசடி ஒன்றும் இல்லை. தூக்கத்தின் கட்டங்களைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் தலையில் ஒயர் ஒட்டி மூளையின் மின் அலையைப் பார்க்க வேண்டும். மணிக்கட்டில் இருக்கிற பச்சை விளக்கு நாடித் துடிப்பைப் பார்க்கும், உள்ளே ஒரு சின்ன சிப் அசைவைப் பார்க்கும், இரண்டையும் வைத்து ஊகிப்பதுதான். விழித்துக்கொண்டே அசையாமல் கிடப்பவரிடம் அது ஏமாந்துபோகும். வயதானவர்கள் ராத்திரியில் செய்வதே அதுதானே?

மதியத்தில் இன்னும் மோசம். நாற்காலியில் தலை தொங்கி இருபது நிமிஷம் தூங்கினால் அது கணக்கிலேயே வராது. கால் நீட்டி ஒரு மணி நேரம் கிரிக்கெட் பார்த்தால் “சிறு தூக்கம்” என்று சேர்த்துவிடும். மேட்ச் ஸ்கோரை ஓவர் ஓவராகச் சொல்கிற மனிதரைத் தூங்கினார் என்று சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்.

இதைவிடக் கெட்ட பழக்கம் எனக்கு வந்தது. காலையில் அப்பாவைப் பார்த்து “தூங்கினீங்களாப்பா” என்று கேட்பதற்கு முன்னால் போனைப் பார்ப்பேன். மார்க் குறைந்திருந்தால் முகம் வாடும், அவரும் அதைக் கவனித்து, அன்றைக்கு உண்மையிலேயே தலை கனமாக இருப்பதாகச் சொல்வார். தூக்க மார்க்கைத் துரத்துகிற இந்த வியாதிக்கு 2017-ல் ஆர்த்தோசோம்னியா என்று பெயரே வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது வந்தது தூங்குகிறவருக்கு இல்லை, எனக்கு. ஒரு நாள் பொறுக்க முடியாமல், “தூங்கினது நானு, நீ அதைக் கேக்கறே” என்று கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். இரண்டு நாள் அங்கேயே கிடந்தது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் திருப்பிக் கட்டினோம் என்றால், ஆப்பில் யாரும் எட்டிப்பார்க்காத ஒரு பக்கம் இருக்கிறது, மணிவாரியாக ஸ்டெப். ஒவ்வொரு நாளுக்கும் இருபத்து நாலு குட்டிக் கம்பங்கள். ஏழு நாளை ஏழு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டிப் பார்த்தேன். ஒரு எண்ணும் நம்ப முடியாது, ஆனால் வடிவம் பொய் சொல்லவில்லை. பகல் முழுக்க எந்த மணியிலும் கம்பம் உயரவே இல்லை, பாத்ரூம், பால்கனி, சாப்பாடு, அவ்வளவுதான், ஒவ்வொரு நாளும் வேறு வேறு நேரத்தில். ராத்திரியில் 11, 1, 3, 4 மணிக் கம்பங்கள் இருபது இருபத்தைந்து ஸ்டெப் உயரத்தில் குச்சி குச்சியாக நிற்கிறது. பகலையும் ராத்திரியையும் இடம் மாற்றி ஒட்டியிருந்தால்கூடச் சட்டென்று தெரிந்திருக்காது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு நின்னு போற பாசஞ்சர் மாதிரி இருக்கு” என்றார்.

டாக்டர் மார்க்கைத் திரும்பிப் பார்க்கவில்லை, அந்த ஒட்டுப்படத்தையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, பி.பி. மாத்திரை எத்தனை மணிக்கு. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். அதில் ஒன்று சிறுநீரைக் கூட்டுகிற மாத்திரை, ராத்திரி நாலு தடவை எழுந்தது அதனால்தான் இருக்கும் என்று காலைக்கு மாற்றிக் கொடுத்தார். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு நீங்களாக மாத்திரை நேரத்தை மாற்றாதீர்கள், எல்லா மாத்திரையும் அப்படி இல்லை. நான் சொல்ல வருவது, இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சத்துக்கு எனக்குக் கிடைத்த உருப்படியான ஒரே விஷயம் அந்த நாலு குச்சிதான், அதுவே போதும் என்று இப்போது நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார்: காலையில் வெளிச்சத்தில் நடக்கட்டும், மதியத் தூக்கம் மூன்று மணிக்குள் அரை மணி நேரம், சாயங்காலம் தினமும் ஒரே நேரத்தில் ஏதாவது வேலை. அதற்கு அப்பா, “டைம்டேபிள் போடச் சொல்றீங்க, அதை முதல்லயே சொல்றதுக்கென்ன” என்றார். வீட்டுக்கு வந்ததும் அப், டவுன் என்று இரண்டு பத்தி போட்டு அட்டவணை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியாகிவிட்டது. 6.30 மொட்டைமாடி, 45 நிமிஷம். வெளியே மேகமூட்டமாக இருந்தால்கூட டியூப் லைட் போட்ட ஹாலைவிடப் பல மடங்கு வெளிச்சம், அதனால் பேப்பரும் மேலே போய்விட்டது. 5.00 பேரனுக்குக் கணக்கு. அதில் ஐந்து நிமிஷம் தாமதமானால் பையனுக்கு நோட்டில் “லேட்” விழுகிறது.

வெளிச்சம் விஷயத்தை நான் முழுசாக நம்பவில்லை, அதனால் தேடினேன். நெதர்லாந்தில் 12 முதியோர் இல்லங்களில் 189 பேரை வைத்து, பகல் முழுக்கக் கூடத்தில் பிரகாசமான விளக்குப் போட்டுப் பார்த்த ஆய்வு 2008-ல் வந்திருக்கிறது. நினைவாற்றல் சரிவு கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான், அதிசயம் ஒன்றும் இல்லை. காசு செலவில்லாத வெயில்தானே, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழை எல்லாவற்றையும் கெடுத்தது. மாடி வழுக்கும் என்று நான் விடவில்லை, பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தார், கம்பங்கள் பழையபடி சப்பையாகிவிட்டன, ராத்திரி லைட் மறுபடி எரிந்தது. அதே சமயம் பார்த்துச் சார்ஜ் ஏறாமல் பேண்டும் படுத்துவிட்டது. பெட்டியில் 5 ஏ.டி.எம்., நீச்சலடிக்கலாம் என்று போட்டிருக்கிறது, சர்வீஸ் சென்டரில் திறந்துகூடப் பார்க்காமல் “தண்ணி போயிருக்கு, வாரண்டி கிடையாது” என்றார்கள். குளிப்பதைத் தவிர அந்த மனிதர் எந்தக் குளத்தில் குதித்தார்? மூன்று நடை நடந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த வரியைக் காட்டி, குரலை உயர்த்திய பிறகுதான் வேறொன்று கொடுத்தார்கள். பன்னிரண்டு நாள் பேண்ட் இல்லை. ரெஜிஸ்டர் ஒரு நாளும் நிற்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அதே தேர்வு, 25 வந்தது. நான் குதித்தேன், டாக்டர் குதிக்கவில்லை. இரண்டு மார்க் ஏறுவது ஒரு தடவை எழுதிய பழக்கத்திலும் வரும், அம்மா போன துக்கம் கொஞ்சம் தணிந்ததிலும் வரும், ஒரு வருஷம் பார்ப்போம் என்றார். ராத்திரி எழுவது நாலிலிருந்து இரண்டாகியிருக்கிறது, அது நோட்டிலும் இருக்கிறது, பேண்டிலும் இருக்கிறது, இரண்டும் ஒத்துப்போகிற அபூர்வமான இடம் அது. காலண்டர் தாள் அன்றன்றைக்குக் கிழிகிறது. நடுவில் ஒரு நாள் இரண்டு தாளாகக் கிழித்துவிட்டுப் பசை போட்டு ஒட்டிவைத்தார்.

என் மதிப்பீடு கேட்டால் ஐந்துக்கு மூன்று. தூக்க மார்க்குக்கு பூஜ்யம், நடை எண்ணிக்கைக்கு ஒன்று, மணிவாரிப் படத்துக்கு முழுசாக ஐந்து, எப்படியோ சராசரி பண்ணிக்கொள்ளுங்கள். வாங்குகிறவர்கள் டிஸ்பிளே பெரிதாக இருக்கிறதா, மணிவாரி விவரம் ஆப்பில் வருகிறதா என்ற இரண்டை மட்டும் பாருங்கள், ரத்தத்தில் ஆக்சிஜன், மன அழுத்த அளவு என்று அடுக்குவதையெல்லாம் விட்டுவிடுங்கள். வந்ததும் எல்லா நோட்டிஃபிகேஷனையும் அணைத்துவிடுங்கள், மூன்றாவது நாளே கழற்றி எறியாமல் இருப்பதற்கு அதுதான் வழி. பேட்டரி ஒன்பது நாள் நிற்கிறது, பதினாலு என்று விளம்பரம். கூட வருகிற ரப்பர் ஸ்ட்ராப் வேர்வையில் அரிப்பெடுத்துப் பட்டையாகச் சிவந்துவிட்டது, ரிச்சி தெருவில் 180 ரூபாய்க்குத் துணி ஸ்ட்ராப் கிடைத்தது, வெல்க்ரோ வைத்தது, அப்பாவே ஒரு கையால் ஒட்டிக்கொள்கிறார்.